லேப்டாப் வாங்கும் முன்: அறிவியல் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்

(சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேசுகிறவர்கள் வழக்கமாக வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசுவார்கள். என்னிடம் செயலாளர் கேட்டது அதைவிடச் சின்ன விஷயம். "முதல் வருஷப் பிள்ளைங்களும் அவங்க அப்பா அம்மாவும் எந்த லேப்டாப் வாங்கறதுன்னு தெரியாம திண்டாடுறாங்க. நீங்கதான் இன்ஜினியராச்சே, அதைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது சின்ன விஷயமே இல்லை. நம் கல்லூரிக்கு வருகிற பல வீடுகளில் வண்டிக்கு அடுத்தபடியாக வாங்கும் பெரிய பொருள் இதுதான். சில வீடுகளில் வளையல் அடகுக்குப் போன பிறகுதான் லேப்டாப் வீட்டுக்கு வருகிறது. அப்படி வருகிற பொருள் சரியானதாக இருக்க வேண்டாமா?

"எது சார் பெஸ்ட் லேப்டாப்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கடையில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. நான் திருப்பிக் கேட்பேன்: "நீ என்ன மேஜர்? இந்த மூணு வருஷத்துல அதுல என்ன வேலை செய்யப் போறே?" வேலையை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள், மெஷினைப் பிறகு பாருங்கள். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

என்ன வேலை இருக்கிறது?

இயற்பியல் மாணவருக்கு ஆய்வக அளவீடுகளை வரைபடமாக்க வேண்டும், கொஞ்சம் பைத்தான் எழுத வேண்டும். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் எக்ஸ்பைஸ் என்று ஒரு சின்னக் கருவியை வடிவமைத்திருக்கிறது. யுஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் ஆசிலாஸ்கோப் வேலையிலிருந்து ஊசல் சோதனை வரை செய்யலாம். அதற்கான மென்பொருள் இலவசம். சாதாரண லேப்டாப்பே அதற்குத் தாராளமாகப் போதும்.

வேதியியல் மாணவர் அவகாட்ரோ என்ற இலவச மென்பொருளில் மூலக்கூறுகளைக் கட்டிப் பார்க்கலாம். பென்சீனில் இருப்பது 12 அணுக்கள். அந்த அளவுக் கணக்கை இன்றைய எளிய லேப்டாப்பே போட்டுவிடும். விலங்கியல், தாவரவியல் மாணவருக்கு இமேஜ்ஜே இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இலவச மென்பொருள் அது. மைக்ராஸ்கோப் படத்தில் செல்களை எண்ணவும் அளக்கவும் உதவும். புள்ளியியலுக்கு ஆர் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்து உலகம் முழுக்கப் பரவியது, இன்றும் இலவசம்தான். கணித மாணவருக்கு லாடெக்கும் ஜியோஜீப்ராவும் போதும். புவியியல், நிலவியல் பிள்ளைகளுக்கு கியூஜிஐஎஸ். இவற்றில் சிலவற்றைத் தமிழிலேயே கற்றுக்கொள்ள பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம்தான்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பி.எஸ்சி. அளவில் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை சாதாரண மெஷினில் ஓடிவிடும். மென்பொருளுக்குக் காசும் வேண்டாம். "விலை உயர்ந்த லேப்டாப் இல்லாம சயின்ஸ் படிக்க முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெரிய வேலை எங்கே நடக்கிறது?

"சரி சார், பெரிய ஆராய்ச்சி செய்யணும்னா?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10,000 வரிசை, 10,000 பத்தி உள்ள எண் அட்டவணை ஒன்று. அதில் 10 கோடி எண்கள். ஒரு எண்ணுக்கு 8 பைட் என்று வைத்தால் 80 கோடி பைட், அதாவது 0.8 ஜிபி மெமரி. எந்த லேப்டாப்பிலும் அடங்கும். இப்போது வரிசையையும் பத்தியையும் நான்கு மடங்கு ஆக்குங்கள். 40,000க்கு 40,000. மெமரி நான்கு மடங்கு ஆகாது, பதினாறு மடங்கு ஆகும்: 12.8 ஜிபி. இன்னும் ஒரு நான்கு மடங்கு போனால் 200 ஜிபியைத் தாண்டிவிடும். அதன் பிறகு 50,000 ரூபாய் லேப்டாப்பும் ஒன்றரை லட்சம் ரூபாய் லேப்டாப்பும் ஒன்றுதான். இரண்டுமே முடியாது என்று கையை விரித்துவிடும்.

உயிரியலிலும் இதே கதைதான். ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்துகள். அதை உங்கள் லேப்டாப்பில் வைத்து விளையாடலாம். மனித மரபணுத் தொகுதி 300 கோடிக்கும் மேல். அதில் ஆர்என்ஏ தரவுகளைப் பொருத்திப் பார்க்கப் பலரும் பயன்படுத்தும் ஸ்டார் என்ற மென்பொருளுக்கு மட்டும் சுமார் 30 ஜிபி மெமரி வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களில் இதையெல்லாம் சர்வரில்தான் ஓட்டுகிறார்கள். லேப்டாப் அங்கே போய்ச் சேரும் வாசல் மட்டும்தான்.

உங்களுக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது. ஒரு புரத வரிசையை பிளாஸ்ட் தளத்தில் கொடுத்துத் தேடினால், தேடும் வேலை அமெரிக்காவில் உள்ள கம்ப்யூட்டரில் நடக்கிறது. உங்களுக்குத் தேவை ஒரு பிரௌசர். ஆல்ஃபாஃபோல்டு கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்கள் 2022 ஜூலையிலிருந்து எல்லோருக்கும் இலவசம். பைத்தான் நிரல்களை கூகுள் கோலாபில் ஓட்டலாம். இலவசக் கணக்கில் சில மணி நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும், ஆனாலும் கற்றுக்கொள்ளப் போதும். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் திறக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் என்று அர்த்தம். நாளை நீங்கள் ஆராய்ச்சிக்குப் போனால் இப்படிப்பட்ட மெஷினில்தான் வேலை. அங்கே தேவைப்படுவது லினக்ஸ் கட்டளைகள். அதை எந்தப் பழைய லேப்டாப்பிலும் இன்றே பழகலாம்.

அதனால்தான் சொல்கிறேன், என்றோ வரப்போகும் பெரிய ஆராய்ச்சிக்காக இன்றே யானை வாங்கிக் கட்டித் தீனி போட வேண்டாம்.

எதில் காசு போடலாம்?

இப்போது கடைக்குப் போவோம். முதலில் பார்க்க வேண்டியது மெமரி, அதாவது ரேம். விண்டோஸும் பத்து பிரௌசர் ஜன்னல்களும் சேர்ந்தால் 8 ஜிபியில் பாதிக்கு மேல் போய்விடும். மெமரி நிரம்பினால் கம்ப்யூட்டர் டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும். அப்போதுதான் "மெஷின் ஹேங் ஆகுது" என்கிறோம். 16 ஜிபி இருந்தால் மூன்று ஆண்டும் நிம்மதி. கையில் காசு இல்லையென்றால் 8 ஜிபியில் வாங்கலாம், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்: "அண்ணே, இதுல பின்னாடி ரேம் போட முடியுமா?" பல மெலிந்த மாடல்களில் மெமரியை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் லேப்டாப்கள் எல்லாமே அப்படித்தான். வாங்கும்போது இருப்பதுதான் கடைசி வரை. தனியாக ஸ்லாட் இருக்கும் மாடல் என்றால், இரண்டாம் வருஷம் ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ போட்டுக்கொள்ளலாம். 2025 இறுதியில் ஏ.ஐ. மையங்களின் தேவையால் மெமரி விலை உலகம் முழுக்க ஏறியது. ஆகவே வாங்குகிற அன்று இரண்டு விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, எஸ்எஸ்டி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள மெஷினைத் தொடவே வேண்டாம். 512 ஜிபி நல்லது, 256 ஜிபியிலும் சமாளிக்கலாம்.

மூன்றாவது, பிராசசர். இங்கே பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐ5, ஐ7 என்பது முழு ஜாதகம் இல்லை. பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். யூ என்று முடிந்தால் பொதுவாக மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை. ஹெச் என்று முடிந்தால் வேகம் அதிகம், சூடும் அதிகம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2022-இல் ரைசன் 5 7520யூ என்று ஒன்று வந்தது. எண் 7000 வரிசை. உள்ளே இருப்பதோ 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்று சொல்லும். 2 என்றால் ஜென் 2, 4 என்றால் ஜென் 4. மோசமான பிராசசர் என்று சொல்லவில்லை. புதுசு என்று நினைத்துப் புதுசின் விலையைக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

நான்காவது, கண்ணும் கையும். மூன்று வருஷம் உங்கள் கண் பார்க்கப்போவது திரையை, விரல் தட்டப்போவது கீபோர்டை. 1920க்கு 1080 திரை, ஐபிஎஸ் வகை, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறக்கூடாது. கடையிலேயே நின்று இரண்டு வரி டைப் அடித்துப் பாருங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

ஐந்தாவது, எடையும் பேட்டரியும். பேட்டரியின் அளவை வாட் ஹவரில் போட்டிருப்பார்கள். 50 வாட் ஹவர் பேட்டரி, மெஷின் 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம் வரும். விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கைவிட இந்த வகுத்தல் கணக்கு நம்பகமானது. நம் பிள்ளைகள் பலர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள். ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? விளையாட்டுக்கு வேண்டும். ஏ.ஐ. மாடல்களைச் சொந்த மெஷினில் பயிற்றுவிக்க வேண்டுமென்றால் வேண்டும். மற்றவர்களுக்கு அது சூடும் சத்தமும் மின்சாரச் செலவும்தான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் துறை பயன்படுத்தும் மென்பொருள் எதில் ஓடும் என்று பேராசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வரைபடங்களுக்குப் பல ஆய்வகங்களில் பயன்படும் ஆரிஜின் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆப்பிளில் நேரடியாக ஓடாது. 2024 முதல் வரும் ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கிறது, ஆனால் ஆய்வகக் கருவிகளின் பழைய டிரைவர்கள் சில அதில் ஏறாது. அறிவியல் மாணவருக்கு இது முக்கியம்.

பழைய மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம், தாராளமாக. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்குகிற மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் லேப்டாப்கள் சந்தைக்கு வருகின்றன. உழைப்புக்காகச் செய்யப்பட்டவை, கீபோர்டு நன்றாக இருக்கும், உதிரி பாகம் கிடைக்கும், திறந்து பழுது பார்க்கலாம்.

பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, வயசு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். அதற்கு முந்தைய மெஷின் சும்மா கிடைத்தால் லினக்ஸ் போட்டு ஓட்டுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம். இரண்டு, பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். செய்தபோது எவ்வளவு கொள்ளளவு, இன்று எவ்வளவு என்று இரண்டு எண்ணும் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மூன்று, பில். பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு மெஷின் உங்கள் கைக்கு வந்துவிடக்கூடாது.

போன வருஷம் ஒரு அப்பா எனக்கு போன் செய்தார். மகள் இங்கே தாவரவியல் சேர்ந்திருக்கிறாள். கடையில் 90,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டி, "சயின்ஸ் ஸ்டூடண்ட்னா இதுதான் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நகையை வைக்கப் பேங்க்குக்குப் போவதாக இருந்தார். "ஒரு நாள் தள்ளிப் போடுங்கண்ணே" என்றேன். சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் பேசி வேலைகளை எழுதச் சொன்னேன். ரெக்கார்டு நோட்டு வேலை, புள்ளிவிவரக் கணக்கு, இலைத்துளைப் படங்களை அளப்பது, செமினாருக்கு ஸ்லைடு. எட்டு வரிகூட வரவில்லை. கடைசியில் ஒரு வருஷ வாரண்டியோடு கம்பெனி கழித்த லேப்டாப் ஒன்றை வாங்கினார்கள், 16 ஜிபி மெமரியோடு. ஆன செலவு, முதலில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நகை வீட்டிலேயே இருந்தது. கையில் மிஞ்சியது ஹாஸ்டல் கட்டணத்துக்குப் போனது. அந்தப் பெண் இப்போது இமேஜ்ஜேயை வகுப்புத் தோழிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

காசு எங்கிருந்து வரும்?

கடன் வாங்குவதானால் அவசரக் கடன் வேண்டாம். "ஜீரோ காஸ்ட் இஎம்ஐ" என்பதில் வட்டி காணாமல் போவதில்லை. மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி அதில் பெரும்பாலும் கிடைக்காது. பிராசசிங் கட்டணமும், வட்டிக்கு ஜிஎஸ்டியும் தனி. இரண்டு விலையையும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே கல்விக்கடன் விண்ணப்பிக்கிற வீடாக இருந்தால், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையென்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் சேர்த்துக் கேட்க இடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. மேனேஜரிடம் கேளுங்கள்.

அரசு லேப்டாப்பைக் குறைவாக நினைக்கிற பழக்கமும் வேண்டாம். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. பின்னர் சில ஆண்டுகள் நின்றிருந்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்று அறிவித்தார்கள். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் அதில் உங்கள் வேலைப் பட்டியலை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் இன்னொன்று எதற்கு?

வாங்கிய பிறகு ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள். பிராஜக்ட் வேலையை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று லேப்டாப்பில், இன்னொன்று பென் டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ. தண்ணீர் கொட்டினால் மெஷினைத் திரும்ப வாங்கலாம், ஆறு மாத அளவீடுகளை வாங்க முடியாது.

முன்னாள் மாணவர்களுக்கு

கடைசியாக, என்னோடு இங்கே படித்த நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இப்படி வாங்கவும் வழியில்லாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருக்கிறார்கள். செல்போன் திரையில் பிராஜக்ட் ரிப்போர்ட் அடிக்கிறார்கள். கூச்சத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள். மறுபக்கம் நம்மில் பலருடைய வீட்டு அலமாரியில் நல்ல நிலையில் ஒரு பழைய லேப்டாப் தூங்குகிறது. நம் ஆபீஸ்களிலும் வருஷா வருஷம் கழிக்கிறார்கள். முறைப்படி நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள், தகவல்களை முழுக்க அழித்துவிடுங்கள், சார்ஜரோடு கொடுங்கள். பேட்டரி போயிருந்தால் மாற்றிக் கொடுங்கள். உடைந்ததைத் தள்ளிவிடும் இடமாக நம் கல்லூரியை நினைக்க வேண்டாம்.

நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல, ஒரு செமஸ்டருக்கு ஒரு லேப்டாப் என்று அடையாள அட்டையைக் காட்டி எடுத்துப் போகிற ஏற்பாட்டைச் சங்கம் செய்யலாம் என்பது என் யோசனை. பேராசிரியர்களிடம் பேசியிருக்கிறேன், இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்து மெஷின் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். சரிபார்த்து லினக்ஸோ விண்டோஸோ ஏற்றித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மெஷின் வைத்திருப்பவர்கள் மதிய உணவுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.